மே தினத் துண்டறிக்கையில் விட்டுப்போன பெயர்கள்

மே தினக் கூட்டங்கள் நடத்தும் தொழிற்சங்கத் தோழர்களுக்கு,

வணக்கம். அச்சுக் கோக்கும் கம்பாசிட்டராகத் தொடங்கிப் பிழை திருத்துபவனாக ஓய்வுபெற்றவன் நான். உங்கள் மே தினத் துண்டறிக்கைகள் பலவற்றுக்குப் புரூஃப் பார்த்திருக்கிறேன். 1886இல் எட்டு மணி நேர வேலைநாள் கேட்டு அமெரிக்காவின் சிகாகோவில் நடந்த போராட்டத்தை ஒட்டித் தூக்கிலேற்றப்பட்டவர்களைப் பற்றி, ஆண்டு தவறாமல் "சிகாகோ தியாகிகள்" என்று வரும். அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்பது மட்டும் எதிலும் வந்ததில்லை. தூக்கிலிடப்பட்ட நால்வரில் இருவர் பத்திரிகை ஆசிரியர்கள், இன்னொருவர் கம்பாசிட்டர். இந்த ஆண்டாவது அதை மேடையில் சொல்லுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

குறிப்பாக ஆகஸ்ட் ஸ்பீஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1855இல் ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதியில் ஒரு வன அதிகாரியின் மகனாகப் பிறந்தார். 1872இல் அமெரிக்கா போனார். சிகாகோவில் நாற்காலிக்கும் சோபாவுக்கும் மெத்தை தைத்துப் பிழைத்தார், பிறகு சொந்தக் கடையும் வைத்தார். 1877இன் ரயில்வே வேலைநிறுத்தத்துக்குப் பின் சோசலிசத்தின் பக்கம் வந்தார். 1880இல் 'ஆர்பைட்டர் ஸைட்டுங்' என்ற ஜெர்மன் நாளேட்டின் நிர்வாகம் அவரிடம் வந்தது, 1884இல் ஆசிரியரானார். அந்தப் பெயருக்குத் தொழிலாளர் செய்தித்தாள் என்று பொருள். ஊர்விட்டு ஊர் வந்த தச்சனும் ரொட்டி சுடுபவனும் தன் சங்கம் எங்கே கூடுகிறது, எந்த ஆலையில் வேலைநிறுத்தம் என்பதைத் தாய்மொழியில் படித்தறிந்தது அதில்தான்.

1886 மே 3. சிகாகோவில் மெக்கார்மிக் அறுவடை இயந்திர ஆலை அருகே ஸ்பீஸ் பேசிக்கொண்டிருந்தபோது, ஆலை வாசலில் வேலைநிறுத்தக்காரர்கள் மீது போலீஸ் சுட்டது. அதைக் கண்ணால் பார்த்தவர் அலுவலகத்துக்கு ஓடிவந்து, கொதிப்போடு ஒரு துண்டறிக்கை எழுதினார். அதன் தலைப்பில் "பழிவாங்கு" என்ற சொல் அச்சாகி வெளிவந்தது. அது தன் சொல் அல்ல, அச்சுக் கோத்தவர் சேர்த்தது என்று பின்னர் நீதிமன்றத்தில் சொன்னார். மறுநாள் சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் நடக்கவிருந்த கண்டனக் கூட்டத்துக்கான அறிக்கையில் "ஆயுதத்தோடு வாருங்கள்" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி இருந்தால் நான் பேச வரமாட்டேன் என்று சொல்லி அதை எடுக்கவைத்தார். கோத்த வரியை உருவி எடுத்து மறுபடி அச்சேற்றுவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். எடுப்பதற்குள் ஓடிவிட்ட சில நூறு பிரதிகள் எப்படி மனத்தை அரிக்கும் என்பதும் தெரியும்.

அன்றைய நாளேட்டின் வாசகர் கடிதப் பெட்டியில் 'ரூஹெ' என்ற ஒற்றைச் சொல் வந்திருந்தது. அமைதி என்று பொருள். ஆயுதக் குழுவுக்கான சைகை அது என்றது அரசுத் தரப்பு. யாரோ அனுப்பிய அறிவிப்பைப் பொருள் தெரியாமல் போட்டேன், தெரிந்ததும் தவறு நேர்ந்துவிட்டது என்று சொல்லியனுப்பினேன் என்றார் ஸ்பீஸ். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்கும்.

அந்த இரவு ஹேமார்க்கெட் கூட்டத்தில் குண்டு வெடித்தது. ஏழு போலீஸ்காரர்கள் இறந்தார்கள், தொழிலாளர்களும் மாண்டார்கள். மறுநாள் பத்திரிகை அலுவலகத்துக்குள் போலீஸ் நுழைந்து ஆசிரியர் ஸ்பீஸ், துணை ஆசிரியர் மைக்கேல் ஷ்வாப், கம்பாசிட்டர் அடால்ஃப் ஃபிஷர் என்று அங்கிருந்தவர்களைப் பிடித்துப் போனது. அந்த ஏட்டின் கட்டுரைகளை மொழிபெயர்த்து ஜூரிகள் முன் சாட்சியமாக வாசித்தார்கள். அவற்றில் வெடிமருந்துப் பேச்சு இருந்தது உண்மை. அதை மறைத்துப் பேசச் சொல்லவில்லை. ஆனால் குண்டை எறிந்தவர் யார் என்று இன்றுவரை நிறுவப்படவில்லை. எறிந்தவரைக் காட்டாமலே, எழுதியதையும் பேசியதையும் வைத்து உயிரைப் பறித்தார்கள்.

1887 நவம்பர் 11 அன்று ஸ்பீஸ், ஃபிஷர், ஜார்ஜ் ஏங்கல், 'அலார்ம்' என்ற ஆங்கில ஏட்டின் ஆசிரியர் ஆல்பர்ட் பார்சன்ஸ் ஆகிய நால்வரும் தூக்கிலிடப்பட்டார்கள். இன்று நீங்கள் நெரிக்கும் குரல்களைவிட எங்கள் மௌனம் வலிமை பெறும் காலம் வரும் என்று முகமூடிக்குள்ளிருந்து ஸ்பீஸ் சொன்னார். 1893இல் இல்லினாய் ஆளுநர் ஜான் ஆல்ட்கெல்ட், விசாரணை நேர்மையற்றது என்று எழுதி, அதே வழக்கில் சிறையிலிருந்த மூவரை விடுவித்தார். அவரும் ஜெர்மனியில் பிறந்து குடியேறியவர்தாம்.

தோழர்களே, 1923இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் அந்த ஆண்டிலேயே 'தொழிலாளன்' பத்திரிகையும் நடத்தினார். கொடியையும் அச்சையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. நம் மேடைகளில் கொடி இருக்கிறது, அச்சு விடுபட்டுப்போயிற்று.

இந்த ஆண்டு அறிக்கையில் நால்வரின் பெயரையும், பெயருக்கு நேரே அவரவர் தொழிலையும் போடுங்கள். பத்து நிமிடமாவது அந்த நாளேட்டைப் பற்றி யாரேனும் பேசட்டும். 'ஸ்பைஸ்' என்று போடும் வழக்கத்தையும் மாற்றி 'ஸ்பீஸ்' என்றே எழுதுங்கள். அச்சுக்குப் போகுமுன் தாளை எனக்கு அனுப்பிவையுங்கள். கண் சற்று மங்கிவிட்டது, ஆனாலும் இரண்டு முறை படித்துத் திருத்தித் தருகிறேன்.

தோழமையுடன்,
ஓய்வுபெற்ற அச்சகத் தொழிலாளி ஒருவன்