டைல்ஸ் பளபளப்பு போதாது, பைப்பையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புது ஃபிளாட் வாங்குகிறவர்கள் டைல்ஸ், மாடுலர் கிச்சன், பால்கனி என்று எல்லாவற்றையும் பார்க்கிறார்கள், சுவருக்குள் ஓடும் பைப்பைப் பற்றி மட்டும் கேட்பதே இல்லை. பின்னால் கீழ்வீட்டுக்காரரின் கூரையில் ஈரம் படர்ந்தால் டைல்ஸை உடைத்துத்தான் தேட வேண்டியிருக்கும்.

சாவி வாங்கும் முன் பாத்ரூம் தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். கதவோரமோ கமோடுக்குப் பின்னாலோ தேங்கி நின்றால் வாட்டம் சரியில்லை. எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறந்துவிட்டு ஷவரில் வேகம் குறைகிறதா என்று கவனியுங்கள், மேல்மாடி என்றால் கட்டாயம். சிங்க்குக்குக் கீழே குனிந்து இணைப்புகளைக் கையால் தடவிப் பாருங்கள். அப்புறம், டைல்ஸ் ஒட்டும் முன் பைப்பில் அழுத்தத்தோடு தண்ணீர் ஏற்றிக் கசிவு பார்க்கும் பிரஷர் டெஸ்ட் செய்தார்களா, பாத்ரூம் தரையில் தண்ணீரைத் தேக்கி வைத்துக் கசிவு பார்த்தார்களா, சிபிவிசி பைப்பில் (சுடுதண்ணீரையும் தாங்கும் பிளாஸ்டிக் பைப்) ஐஎஸ் 15778 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஒரு வருஷம்தான் பொறுப்பு என்று பில்டர் சொன்னால் நம்பிவிட வேண்டாம். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-வது பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் வேலையில் உள்ள குறையைச் சுட்டிக்காட்டினால் 30 நாட்களுக்குள் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும், புகாரை மட்டும் எழுத்தில் கொடுங்கள். பைப் எந்தச் சுவரில் எப்படிப் போகிறது என்ற வரைபடத்தைச் சாவியோடு கொடுத்தே ஆக வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டால் பல வீடுகளில் சுவர் தப்பிக்கும்.

- ஒரு வாசகர், சென்னை