மூன்றை எட்டாக்கிய சீட்டு

வேலந்தாவளம்
ஞாயிற்றுக்கிழமை

அம்மிணி,

நீ பணம் ஏமாந்ததை என்னிடம் சொல்லவில்லை. தம்பிதான் சொன்னான், அதுவும் நேற்று ராத்திரி சோறு தின்றுகொண்டிருந்தபோது, அம்மா ரசம் எடுக்க உள்ளே போன இடைவெளியில். அவனைத் திட்டாதே. மூன்று நாளாக அவன் முகம் சரியில்லை, நான்தான் குடைந்து குடைந்து கேட்டேன்.

போனில் கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். லாட்டரிச் சீட்டு வாங்க ஆள் வந்தால் நிறுத்தி, அவர்கள் போனதும் தொடர்கிறேன். கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள். தம்பி போட்டோ எடுத்து அனுப்புவான்.

நீ ஆன்லைனில் பணம் வைத்துப் போக்கர் சீட்டாட்டம் ஆடுவதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? 2003ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தார்கள், அடுத்த வருஷமே நான் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம், கேரளாவில், மேசை போட்டேன். அந்தப் பக்கத்துக்காரர்கள் பஸ் ஏறி வந்து வாங்கிய சீட்டில்தான் உன் காலேஜ் ஃபீஸ் கட்டினேன். நம் நாட்டில் 2025 சட்டத்துக்கு அப்புறம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது. நீ இருக்கும் மான்செஸ்டரில் அது லைசென்ஸோடு நடக்கிறது. உன் சம்பளம், உன் இஷ்டம். (அம்மா வேறு மாதிரி நினைப்பாள். அதை அம்மாவிடம் பேசிக்கொள்.)

நடந்ததை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. ரெண்டு வருஷமாக உன்னோடு ஒரே மேசையில் ஆடும் சிநேகிதன் ஒருவன். அவனிடமிருந்து டெலிகிராமில் செய்தி வருகிறது: "எனக்கு பேங்கில் பவுண்டு வேண்டும், ஆட்டக் கணக்கில் பணம் கிடக்கிறது. நீ இந்தக் கணக்குக்கு அனுப்பு, நான் அங்கே உனக்கு மாற்றிவிடுகிறேன்." ஆடுகிறவர்கள் தங்களுக்குள் இப்படி மாற்றிக்கொள்வது வழக்கம்தானாம். அதே போட்டோ, அதே பேச்சு. 640 பவுண்டு அனுப்பினாய். அப்புறம் பார்த்தால் பெயரில் சின்ன எல் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய ஐ. கண்ணுக்கு ரெண்டும் ஒரே கோடு.

இதைக் கேட்டதும் எனக்குக் கை நின்றுவிட்டது, அம்மிணி. ஏனென்றால் எனக்கும் இதேதான் நடந்தது. எனக்கு எழுத்து இல்லை, எண்.

நீ கோயம்புத்தூரில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் மூன்று நாள் சேர்ந்தாற்போல வந்தான். தினமும் ரெண்டு சீட்டு வாங்குவான், "அண்ணா, டீ குடிக்கலாமா" என்பான். நாலாம் நாள் சாயங்காலம், கடையில் கூட்டம் நெரிகிற நேரம் பார்த்து, காருண்யா என்ற கேரளா லாட்டரிச் சீட்டு ஒன்றை நீட்டினான். கடைசி நாலு எண்ணுக்கு 5,000 ரூபாய் பரிசு. ஐயாயிரம் வரைக்கும் கடையிலேயே கொடுக்கலாம் என்பது உனக்குத் தெரியும், சின்ன வயதில் நீதான் எனக்கு ரிசல்ட் பார்த்துச் சொல்வாய். பேப்பரில் எண்ணை ஒத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. பத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு மீதியைப் பணமாகக் கேட்டான், கொடுத்தேன். மறுநாள் ஏஜென்சியில் ஸ்கேன் செய்ததும் அந்தப் பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "அண்ணா, இது 8 இல்ல, 3." மூன்றின் வாயை அதே நிற மையில் மூடியிருந்தான். நகத்தால் தடவினால் அந்த இடம் மட்டும் கொஞ்சம் வழவழப்பாக இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதுவரை எத்தனை பேரை நான் கிண்டல் செய்திருப்பேன் தெரியுமா? கேரளா லாட்டரியை ஆன்லைனில் விற்பதே கிடையாது, காகிதச் சீட்டு மட்டும்தான். ஆனாலும் "உங்களுக்கு அஞ்சு லட்சம் விழுந்திருக்கிறது, முதலில் வரி கட்டுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, பணமும் கட்டிவிட்டு, போனைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருவார்கள். வாங்காத சீட்டுக்கு எப்படிப் பரிசு விழும் என்று சிரிப்பேன். ஆசையால் போனது என்பேன். ஆனால் எனக்குப் போனது ஆசையால் இல்லையே. "அண்ணா" என்று கூப்பிட்டவனைத் தெரிந்தவன் என்று நினைத்ததால் போனது. உனக்கும் அப்படித்தான்.

அந்த ஐயாயிரத்தை நான் அம்மாவிடம் மறைத்தேன். மோட்டார் ரிப்பேர் என்று பொய் சொன்னேன். நாலு மாசம். அந்த நாலு மாசத்தில் அதே வெள்ளைச் சட்டை கொழிஞ்சாம்பாறையில் ஒரு கடையிலும் கோபாலபுரத்தில் ஒரு கடையிலும் இதே வேலையைக் காட்டிவிட்டுப் போனான். நான் அன்றைக்கே நாலு கடைக்காரர்களிடம் சொல்லியிருந்தால் அவர்கள் எண்ணை நகத்தால் தடவிப் பார்த்திருப்பார்கள். வெட்கம். இருபது வருஷம் சீட்டு விற்கிறவன் சீட்டில் ஏமாந்தான் என்று பேசுவார்களே என்ற வெட்கம். உன் சிநேகிதனிடமாவது சொல்லிவிட்டாயா? அவன் பெயரில் இன்னும் எத்தனை பேருக்குச் செய்தி போகிறதோ.

மதியம் தம்பி இங்கே வந்து, போக்கர் ஆடுகிறவர்களுக்கு நடந்த கதைகளை ஒவ்வொன்றாகச் சொன்னான். ஒன்று மனதிலேயே நிற்கிறது. பின்லாந்துக்காரர், ஜென்ஸ் க்யுல்லோனன் என்று பெரிய ஆட்டக்காரர். 2013 செப்டம்பரில் பார்சிலோனாவுக்குப் போட்டிக்குப் போனார். ஹோட்டல் அறையிலிருந்து லேப்டாப் காணாமல் போய், கொஞ்ச நேரத்தில் அதே இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. திருடன் எதற்குத் திருப்பி வைப்பான்? சந்தேகப்பட்டு, ஊருக்குப் போனதும் எஃப்-செக்யூர் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்புக் கம்பெனியில் கொடுத்துப் பார்த்தார். உள்ளே ஒரு வேவு புரோகிராம். ஆட்டத்தில் அவர் கையில் இருக்கும் சீட்டு எங்கோ உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும்படி வைத்திருந்தார்கள்.

2015ல் ஈசெட் என்ற இதே மாதிரிக் கம்பெனி கண்டுபிடித்தது இன்னொரு வேவு புரோகிராம், ஓட்லானர் என்று பெயர். (ஆங்கிலத்தில் திருப்பிப் படித்தால் ரொனால்டோ வருகிறது என்று தம்பிக்கு ஒரே சந்தோஷம்.) போக்கர் கணக்குப் போடும் சின்னச் சின்ன புரோகிராம்களை எங்கெங்கிருந்தோ இறக்குகிறீர்கள் இல்லையா, அதற்குள் ஒளிந்து வந்து, ஆட்டத் திரையைப் படம் பிடித்து அனுப்புமாம். படத்தில் உன் ஆட்டப் பெயரும் இருக்கும். அதை வைத்துத் தேடி, நீ ஆடும் மேசையிலேயே வந்து உட்காருவான். 2007ல் அப்சல்யூட் போக்கர் என்ற ஆன்லைன் ஆட்டக் கம்பெனியில் நடந்தது இதைவிட மோசம், கம்பெனிக்கு உள்ளிருந்தே எல்லார் கையையும் பார்த்து ஆடியிருக்கிறார்கள். போலீஸே திருடினால் என்ன செய்வது!

உன் அப்பாரு, அதாவது என் அப்பா, கிணற்று மேட்டு மோட்டார் ரூமில் மங்காத்தா ஆடுவார், உனக்கு ஞாபகம் இருக்காது. யார் முந்தி வந்தாலும் சுவரோர இடம் அவருக்குத்தான். முதுகைச் சுவரில் ஒட்டிக்கொள்வார். "எதிர்ல இருக்கறவன் கிட்ட தோக்கலாம், பின்னால நிக்கறவன் கிட்ட தோக்கக் கூடாது" என்பார். உன் மேசைக்குச் சுவரே இல்லை. ஆடுவதற்குத் தனியாக ஒரு பழைய லேப்டாப் வைத்துக்கொள்ளச் சொல்கிறான் தம்பி. வேறு எதையும் அதில் இறக்காமல், ஹோட்டலில் விட்டுவிட்டுப் போகாமல். அதெல்லாம் என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். பணம் கேட்டு யார் எழுதினாலும் எழுத்தில் பதில் போடாமல், உன்னிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டுக் குரலைக் கேள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இப்போது அவசரமான விஷயம். நீ அனுப்பியது பேங்கிலிருந்து பேங்குக்கு, ரெண்டு கணக்கும் பிரிட்டனில். இப்படி ஏமாந்து அனுப்பிய பணத்தை பேங்க் திருப்பித் தர வேண்டும் என்று அங்கே 2024 அக்டோபர் 7 முதல் விதி இருக்கிறது. 85,000 பவுண்டு வரை பொருந்தும், 13 மாதத்துக்குள் கேட்க வேண்டும், 100 பவுண்டு வரை அவர்கள் பிடித்துக்கொள்ளலாம். ரொம்ப அஜாக்கிரதையாக இருந்தாய் என்று வாதாடிப் பார்ப்பார்கள். வாதாடட்டும். ஆட்டத்துக்காக அனுப்பியது என்பதையும் மறைக்காதே. 159க்கு அடித்தால் உன் பேங்குக்கு இணைப்பார்களாம், நம் ஊரில் ஆன்லைன் மோசடிக்குப் புகார் சொல்லும் 1930 மாதிரி என்று நினைக்கிறேன். நாளைக்கு வேலைக்குப் போகும் முன்பே கூப்பிடு. அப்புறம், "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கொஞ்சம் கட்டுங்கள்" என்று இன்னொருவன் வருவான். ஒரு தடவை ஏமாந்தவர் நம்பரை இவர்கள் கைமாற்றிக்கொள்வார்கள். போக்கர் கம்பெனி ஆள் என்று சொல்லிக்கொண்டு ஓடிபி கேட்டாலும் கொடுக்காதே.

அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீயே சொல். அந்த மோட்டார் ரிப்பேர் கதை வெளியே வந்த அன்றைக்கு அவள் என்னைத் திட்டியது ஐயாயிரத்துக்காக இல்லை.

வாளையார் பக்கமிருந்து ரெண்டு பேர் பம்பர் சீட்டு கேட்டு நிற்கிறார்கள். முடிக்கிறேன். அந்தச் சீட்டைக் கிழித்துப் போடவில்லை, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு அதையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதில் ரெண்டு 8 இருக்கிறது. எது 3 என்று பார்த்துச் சொல்.

அப்பா