எட்டு கிரவுண்டில் மிச்சம் மூன்று

எங்கள் மாநகராட்சியின் மேயர், ஆணையர், மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் எங்கள் தெருக்கோடித் திடலுக்கு இரண்டு பேர் வந்து, டேப் பிடித்து அளந்து, நான்கு மூலையிலும் சுண்ணாம்பு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். விசாரித்தால், பல்நோக்கு மையம் கட்டப் போகிறோம் என்கிறார்கள். மையம் கட்டுங்கள், எங்களுக்கும் வேண்டும். ஆனால் தயவுசெய்து அந்தத் திடலில் வேண்டாம்.

நாங்கள் இருப்பது கடற்கரை–தாம்பரம் ரயில் பாதையை ஒட்டிய பழைய புறநகர். 1931-இல் மின்சார ரயில் ஓட ஆரம்பித்த பிறகு பரங்கிமலை, பல்லாவரம், குரோம்பேட்டை என்று ஸ்டேஷனைச் சுற்றிச் சுற்றியே வளர்ந்த ஊர்கள் இவை. எங்கள் அப்பா மனை வாங்கியபோது கொடுத்த லே-அவுட் நகல் இன்னும் பீரோவில் இருக்கிறது, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, செலோடேப் ஒட்டி. அதில் தெருக்கோடியில் எட்டு கிரவுண்டுக்கு (ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி) ஒரு கட்டம் போட்டு, உள்ளே 'பூங்கா' என்று எழுதியிருக்கிறது. அந்தப் பூங்காவை நம்பித்தான் பாதிப் பேர் இங்கே மனை வாங்கினார்கள்.

பூங்கா வரவில்லை. முதலில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி வந்தது, குடிக்கத் தண்ணீர் வேண்டுமே, யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் ரேஷன் கடை. அப்புறம் டிரான்ஸ்பார்மர், கழிவுநீர் பம்ப் ஹவுஸ், கடைசியாகக் குப்பை வண்டிகளுக்கு ஒரு ஷெட். தனியார் யாராவது வேலி போட்டிருந்தால் ஊரே திரண்டு தடுத்திருக்கும். வந்ததெல்லாம் நம் தேவைக்கு, நம் அரசாங்கமே கட்டியது என்பதால் ஒவ்வொரு முறையும் சும்மா இருந்துவிட்டோம், அந்தத் தப்பில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. இப்போது மிச்சம் மூன்று கிரவுண்டு.

அந்த மூன்று கிரவுண்டில் சாயங்காலம் நாலரைக்கு மூன்று கிரிக்கெட் மேட்ச் ஒன்றுக்குள் ஒன்றாக நடக்கும். ஒரு டீமின் ஸ்லிப் நிற்கிற இடத்தில்தான் இன்னொரு டீமின் பவுலர் ஓடி வருவான், எந்தப் பந்து யாருடையது என்று அவர்களுக்குக் குழப்பமே வராது. வாதாமரத்தடியில், கால்வாய் வேலைக்குக் கொண்டுவந்து மீந்துபோன சிமென்ட் பலகை ஒன்று கிடக்கிறது. மூட்டுவலிக்கு டாக்டர் நடக்கச் சொன்ன பாட்டிகள் நாலு சுற்று நடந்துவிட்டு அதில் உட்காருவார்கள். துக்க வீடு என்றால் ஷாமியானா போடவும் அதுதான் இடம், ஏனென்றால் அடுக்குமாடி வாசலில் நாற்காலி போட இடம் கிடையாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் திடலை ஒட்டிய வீடுகளில் வாசற்படியோடு தண்ணீர் நின்றுவிட்டது, ஏனென்றால் திடல் தாழ்வு, தெருத் தண்ணீர் அங்கே போய்த் தேங்கியது. திடலே இல்லாத பக்கத்துத் தெருவில் கட்டில் வரை ஏறியது.

இன்னொரு விஷயம், இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். எங்கள் எதிரில் ஒரு கிரவுண்டில் இரண்டு தென்னையோடு ஒரே குடும்பம் இருந்த வீடு இப்போது ஆறு குடும்பம் இருக்கும் அடுக்குமாடி. எஃப்.எஸ்.ஐ., அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற அளவு, 1.5-லிருந்து 2 ஆன பிறகு தெருவுக்குத் தெரு இதே கதை. சரி, ஆட்கள் கூடினால் திறந்தவெளியும் கூட வேண்டும் அல்லவா? 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டிட விதிகளில் ஓ.எஸ்.ஆர். என்று, கட்டுகிறவர்கள் 10 சதவீத இடத்தைப் பொதுத் திறந்தவெளிக்கு விட வேண்டும் என்ற ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் இடம் 3,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால்தான். அது பதின்மூன்று கிரவுண்டுக்கும் அதிகம். 10,000 சதுர மீட்டர் வரை அதற்குப் பதில் பணமாகவும் கட்டிவிடலாம். இங்கே இடித்துக் கட்டுவதெல்லாம் ஒரு கிரவுண்டு, இரண்டு கிரவுண்டு. ஆக, இன்னும் நூறு அடுக்குமாடி வந்தாலும் ஒரு சென்ட் திறந்தவெளிகூட எங்கள் பகுதிக்குப் புதிதாகச் சேரப் போவதில்லை. இருப்பதை எடுத்தால் எடுத்ததுதான்.

திடலைக் காப்பாற்ற நினைத்தால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளி எல்லாவற்றையும் உள்ளாட்சிகள் பட்டியல் போட்டுக் காப்பாற்றுவதற்கென்றே 1959-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் போட்டார்கள். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தபோது, அங்கே குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போய் 1991-இல் ஜெயித்தார்கள். மருத்துவமனையும் நல்ல காரியம்தான், இருந்தாலும் பூங்கா இடத்தில் கூடாது என்றுதான் தீர்ப்பு வந்தது.

பல்நோக்கு மையத்துக்கு இடமா இல்லை? நகராட்சியாக இருந்த காலத்து வரிவசூல் அலுவலகம், திடலிலிருந்து ஐந்து நிமிட நடைதான், பூட்டிக் கிடக்கிறது. அதை இடித்து இரண்டு மாடியாகக் கட்டினால் நூலகமும் வரும், இ-சேவை மையமும் வரும்.

நாங்கள் நீரூற்றோ செயற்கைப் புல்லோ கேட்கவில்லை. டைல்ஸ் நடைபாதைகூட வேண்டாம், அதுவும் மண்ணை மூடத்தான் செய்யும். திடலை மண்ணாகவே விடுங்கள், ஒரு லைட் போடுங்கள், ஓரமாக நாலு வேம்பு நடுங்கள். அடுத்த மன்றக் கூட்டத்தில் இந்தக் கட்டுமானத்தைக் கைவிடுவதாகத் தீர்மானம் போடுங்கள். பட்டா மாநகராட்சி பெயரில் 'பூங்கா' என்றே மாறட்டும், பட்டாவில் இன்னும் பழைய மனைக்காரர் பெயர் இருந்தால் நாளைக்கு வேறு யாராவது பத்திரத்தோடு வந்து நிற்பார்கள். எங்கள் வார்டில் இப்படி மிச்சமிருக்கும் ஒவ்வொரு இடத்திலும் சர்வே எண், பரப்பளவு, 'பொதுத் திறந்தவெளி' என்று எழுதிய பலகை வையுங்கள். பலகைக்கும் பெயின்ட்டுக்கும் ஆகிற செலவைத் தெருக்காரர்கள் நாங்களே போட்டுக்கொள்கிறோம். சர்வே எண்ணை மட்டும் சரிபார்த்து எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
திடலுக்கு எதிர்வரிசையில் மூன்றாவது வீட்டுக்காரன்