பாரிமுனையில் ஒரு காலை நடை: மதுரை அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

அரையாண்டு லீவில் பெரியம்மா, அத்தான், சின்னவள் எல்லாரோடும் சென்னை வருகிறீர்கள், ஒரு காலைப்பொழுது தனியாக வழிகாட்டி வைத்து நடந்தே ஊரைப் பார்க்க ஆசை என்று எழுதியிருந்தீர்கள். கூடவே ஒரு பட்டியலும் வந்திருக்கிறது: கோட்டை, பாரிஸ், சௌகார்பேட்டை, மயிலாப்பூர், சாந்தோம். இந்தப் பட்டியலை அப்படியே எந்த வழிகாட்டியிடமும் நீட்டிவிடாதீர்கள். கோட்டைக்கும் மயிலாப்பூருக்கும் நடுவில் ஆறு கிலோமீட்டருக்கு மேல். அவர் உடனே ஒரு கார் பேசுவார், மூன்று மணி நேரத்தில் பாதி சிக்னலில் போகும், இறங்கிய இடமெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவீர்கள். நடை என்று அதைச் சொல்ல முடியாது.

தனி வழிகாட்டிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதே, அவர் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், உங்கள் கால்கள் போகும் வேகத்தில் வர வேண்டும் என்பதற்காகத்தான். அதனால் ஒரே ஒரு பேட்டை, ஒரே ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டைக்கு, பாரிமுனையைச் சுற்றியிருக்கும் ஜார்ஜ் டவுனைச் சொல்வேன். கேள்வியும் சொல்கிறேன்: வெள்ளைக்காரன் கோட்டைக்கு வெளியே முதலில் இருந்த ஊர் எங்கே போயிற்று? ‘இந்தக் கேள்வியை வைத்து ஒரு நடை போட்டுத் தர முடியுமா’ என்று போனில் கேளுங்கள். நல்ல வழிகாட்டிக்குக் கேட்டதும் உற்சாகம் வந்துவிடும், எங்கே தொடங்கலாம் என்று அவரே பேச ஆரம்பிப்பார். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம், எங்க பேக்கேஜில் பன்னிரண்டு இடம் இருக்கு’ என்பவரை நன்றி சொல்லி விட்டுவிடுங்கள்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்துகொண்டு வந்தால் நடை இரண்டு மடங்கு ருசிக்கும். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி இடம் வாங்கி, அடுத்த ஆண்டு கோட்டை எழும்ப ஆரம்பித்ததும், அதன் வடக்குச் சுவரை ஒட்டி நெசவாளர்களும் வியாபாரிகளும் குடியேறினார்கள். கறுப்பர் பட்டணம் என்று ஆங்கிலேயர் சொன்னது இதைத்தான். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள், 1749இல் உடன்படிக்கைப்படி திருப்பிக் கொடுத்தார்கள். கோட்டைச் சுவருக்கு இவ்வளவு பக்கத்தில் வீடுகள் இருந்தால் எதிரி அவற்றின் மறைவில் நின்று சுடுவான் என்ற பயம் அப்போது கம்பெனிக்கு வந்துவிட்டது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டபோது அந்தப் பயம் உண்மையாயிற்று. வீடுகளை இடித்து, கோட்டைக்கு முன்னால் பீரங்கி தடையில்லாமல் சுடும்படி வெட்டவெளி ஆக்கினார்கள். ஊர் வடக்கே நகர்ந்தது. இன்று நீங்கள் நடக்கப்போகும் தெருக்கள் அப்படி நகர்ந்துபோன ஊருடையவை. பழைய ஊர் இருந்த இடத்தில் இப்போது ஹைகோர்ட் நிற்கிறது.

ஆகவே தொடங்க வேண்டிய இடம் கோட்டை இல்லை, பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலி தெரு. அங்கே சென்ன கேசவப் பெருமாள் கோயிலும் சென்ன மல்லீசுவரர் கோயிலும் ஒட்டி ஒட்டி நிற்கின்றன, பட்டணம் கோயில் என்று சொல்வார்கள். பழைய பெருமாள் கோயில் ஹைகோர்ட் இருக்கும் இடத்தில் இருந்தது. கோட்டையின் பாதுகாப்புக்கென்று அதை இடித்து, பதிலுக்கு இங்கே நிலம் கொடுத்தார்கள். மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று, 1760களில் இந்தக் கோயில்கள் எழும்பின. உங்கள் கேள்விக்கான விடையில் பாதி இங்கேயே கிடைத்துவிடும். காலை ஏழு மணிக்கு இங்கே இருங்கள். மார்கழியில் கோயில் விடியுமுன்பே திறந்திருக்கும், பெரியம்மாவும் நிம்மதியாகச் சேவிக்கலாம்.

ஏழு மணி என்பதில் பிடிவாதமாக இருங்கள். பத்தரைக்கு மேல் மொத்த வியாபாரக் கடைகள் எல்லாம் திறந்து, மீன்பாடி வண்டியும் தள்ளுவண்டியும் தலைச்சுமையும் தெருவை அடைத்துவிடும். ‘ஓரம், ஓரம்’ என்ற குரலுக்கு ஒதுங்கவே நேரம் சரியாக இருக்கும், வழிகாட்டி சொல்வது எதுவும் காதில் விழாது. ஷட்டர் இறங்கியிருக்கும் காலையில்தான் தலையைத் தூக்கி மாடியைப் பார்க்க முடியும். கீழே பிளக்ஸ் பலகையும் கண்ணாடியுமாக இருக்கும் அதே கட்டடத்தில் மேலே மரத்தூணும் கம்பி அழியும் பழைய சுண்ணாம்புப் பூச்சும் தப்பித்து நிற்பதைச் சின்னவளிடம் காட்டுங்கள்.

அங்கிருந்து என்.எஸ்.சி. போஸ் சாலை வழியாகக் கிழக்கே பாரிமுனை வரை நடை. வழியில் பச்சையப்பன் மண்டபம். கிரேக்கக் கோயில் மாதிரித் தூண்கள் வைத்துக் கட்டியது, 1850இல் திறந்தார்கள். முன்னால் கடைகள் மறைத்துக்கொண்டு நிற்பதால் வழிகாட்டி நிறுத்திக் காட்டாவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள். பிராட்வேயைக் கடக்கும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். முன்பு இங்கே ஒரு பள்ளம் ஓடியது, கிழக்கே முத்தியால்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை என்று ஊரைப் பிரித்தது அதுதான். ஸ்டீபன் பாப்ஹாம் என்ற வக்கீல் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அதைத் தூர்த்துச் சாலையாக்கினார்.

பாரிமுனையில் டேர் ஹவுஸ் பக்கம் வந்ததும் அவசரமே படாதீர்கள். இந்த நடையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அந்தக் கட்டட ஓரத்தில், மேலே போகப்போகக் குறுகும் ஒரு கல்தூண் நிற்கும். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வெட்டவெளிக்கு எல்லை காட்ட 1773இல் நட்ட தூண்களில் மிஞ்சியது இது. இதற்கும் கோட்டைக்கும் நடுவில் ஒரு கட்டடமும் எழும்பக் கூடாது என்பது அன்றைய சட்டம். தூணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெற்கே பாருங்கள்: ஹைகோர்ட் சுவர், அதற்குப் பின்னால் மரங்கள், செங்கல் கோபுரங்கள். அப்படியே திரும்பி வடக்கே பாருங்கள்: இடைவெளியே இல்லாமல் நெருக்கிய கடைகள், தெருக்கள். ஒரு பக்கம் விசாலமும் மறுபக்கம் நெரிசலுமாக ஏன் இருக்கிறது என்பது வாயால் சொல்லாமலே விளங்கும். இந்தத் தூணில் ஐந்து நிமிடமாவது நிற்காத வழிகாட்டி உங்கள் கேள்வியைக் காதில் வாங்கவில்லை என்றே அர்த்தம்.

ஹைகோர்ட்டை வெளியிலிருந்தே பாருங்கள். உள்ளே கெடுபிடி அதிகம், பத்து மணிக்குமேல் வக்கீல் கூட்டம் வேறு. கட்டடம் 1892இல் திறந்தது. உயரமான கோபுரத்தின் உச்சியில் 1894 முதல் கலங்கரை விளக்கு எரிந்தது, மெரினாவில் இப்போதுள்ளது வரும்வரை அதுதான் கப்பல்களுக்கு வழி காட்டியது. வளாகத்துக்குள் தனியாக நிற்கும் பெரிய தூண் அதற்கும் முந்தைய கலங்கரை விளக்கம், 1844 காலத்தது. காம்பவுண்டுச் சுவரில் எம்டன் கல்வெட்டு இருக்கிறது: 1914 செப்டம்பர் 22 ராத்திரி அந்த ஜெர்மன் கப்பல் குண்டு போட்டதன் நினைவு. துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தது அன்றைக்குத்தான்.

அடுத்து தம்பு செட்டித் தெரு, காளிகாம்பாள் கோயில். வழிகாட்டியை எடைபோட இது நல்ல இடம். 1677 அக்டோபர் 3ஆம் தேதி சத்ரபதி சிவாஜி இங்கே வந்து கும்பிட்டதாகக் கோயிலில் எழுதி வைத்திருக்கிறார்கள். ‘கோயிலில் இப்படிச் சொல்கிறார்கள்’ என்று சொல்பவர் ஒரு ரகம், கூடவே இருந்து பார்த்தவர் மாதிரி குதிரையின் நிறம் வரை சொல்பவர் இன்னொரு ரகம். முதல் ரகத்தவர் வாயிலிருந்து வரும் மற்ற விஷயங்களையும் நம்பலாம்.

கடைசியாக ஆர்மீனியன் தெரு. ஆர்மீனியத் தேவாலயம் காலை ஒன்பது மணி வாக்கில்தான் திறக்கும், பிற்பகலில் சீக்கிரமே மூடிவிடும். நடையை மேற்கிலிருந்து கிழக்காக வைக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். முதலில் 1712இல் எழும்பியது, இப்போதுள்ள கட்டடம் 1772இல் வந்தது. உள்ளே நுழைந்ததும் கீழே பாருங்கள். நடக்கும் தரையிலேயே கல்லறைப் பலகைகள் பதித்திருக்கின்றன, ஆர்மீனிய எழுத்தின் வளைவுகள் தேய்ந்தும் தேயாமலும் தெரியும். உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ 1794இல் அச்சானது இந்தச் சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மவோனியனின் கல்லறையும் இங்கே இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே முதல் பாலத்தைக் கட்டியவரும், பரங்கிமலைக்குப் படிக்கட்டுப் போட்டவரும் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரிதான். இன்று ஆர்மீனியர்கள் இந்த ஊரில் கிட்டத்தட்ட யாருமே இல்லை. மணிக்கூண்டில் ஆறு மணிகள் உண்டு. சின்னவளுக்கு ஏறிப் பார்க்க ஆசை வரும், காவலரின் அனுமதி இல்லாமல் ஏற விடாதீர்கள்.

மொத்தமே இரண்டரை கிலோமீட்டருக்குள்தான், ஆனால் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். பெரியம்மாவின் முழங்காலை முன்கூட்டியே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். நடந்துகொண்டே பேசுவதைவிட, நிழலில் நின்று பேசிவிட்டுப் பிறகு வாய் மூடி நடப்பதுதான் இந்தத் தெருக்களுக்குச் சரி. கோயில்களிலும் தேவாலயத்திலும் உட்கார இடம் உண்டு, நடுவழியில் கிடையாது. பாத்ரூமுக்கு மெட்ரோ ஸ்டேஷனை நம்பலாம், ஹைகோர்ட் ஸ்டேஷன் நடுவழியிலேயே வருகிறது. நடக்க ஷூ வேண்டாம், பின்னால் வார் வைத்த செருப்பு போதும், இரண்டு மூன்று இடத்தில் கழற்றி மாட்ட வேண்டும். ஏழு மணிக்கு முன்பே பெரியம்மா இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வரட்டும், டிபனுக்கு உட்காரப் பத்து மணி ஆகிவிடும்.

நாள் விஷயம்: ஞாயிற்றுக்கிழமை தெரு காலியாக இருக்கும், ஆனால் கோடவுன் தெருவின் துணிமூட்டையோ ஆண்டர்சன் தெருவின் கல்யாணப் பத்திரிகையோ கண்ணில் படாது. தெருவுக்கு ஒரு சரக்கு என்று பிரிந்து கிடப்பதுதான் இந்த ஊரின் அழகு. சனிக்கிழமை எடுங்கள். டிசம்பர் 25உம் ஜனவரி 1உம் வேண்டாம். செவ்வாய்க்கிழமை ஆர்மீனியன் தெருவில் அந்தோணியார் கோயில் கூட்டம் நிரம்பி வழியும். கோட்டையைத் தனியாக இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் சோதனை உண்டு, எல்லாரும் அடையாள அட்டை எடுத்துப் போங்கள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. 1680இல் திறந்த செயின்ட் மேரி தேவாலயத்தின் கூரையை மட்டுமாவது நிமிர்ந்து பாருங்கள். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று மரமே சேர்க்காமல் வளைவாகக் கட்டியது.

இனி பணம். கட்டணம் ஆளுக்கா, குழுவுக்கா என்று முதலில் கேளுங்கள். நான்கு பேருக்குக் குழுக் கட்டணம்தான் லாபம். மழை பெய்தால் என்ன, நாள் மாற்றலாமா, முன்பணம் திரும்புமா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியிலும் ஒரு புயல் சின்னம் வந்து நிற்கும் ஊர் இது, மழை விட்ட மறுநாளும் இந்தத் தெருக்களில் தண்ணீர் நிற்கும். தமிழில் பேசுவாரா என்று கேட்பதையும் விட்டுவிடாதீர்கள். இங்கே பல வழிகாட்டிகளுக்கு ஆங்கிலத்தில் சொல்லித்தான் பழக்கம், சொல்லாவிட்டால் அவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிடுவார், பெரியம்மா தனியாக நிற்பார். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் அட்டை வைத்திருப்பவர் நல்லதுதான், ஆனால் அட்டை இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இந்தப் பேட்டையிலேயே நடை நடத்தும் ஆட்களும் உண்டு, கேள்வி கேட்டுத் தீர்மானியுங்கள். கடைக்குள் கூட்டிப்போவதில்லை என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். பட்டுக்கடையிலும் நகைக்கடையிலும் கழியும் அரை மணி நேரத்துக்கு அவருக்குக் கமிஷன் வரலாம், உங்களுக்குத் தேவாலயம் போய்விடும்.

சாப்பாட்டைக் காலையோடு சேர்க்காதீர்கள். அத்தானுக்கு அத்தோ சாப்பிட வேண்டுமாமே, அது சாயங்காலச் சமாச்சாரம். பர்மா பஜார் பக்கம் இரண்டாவது கடற்கரைச் சாலையில், பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த கடைகள். ஆரஞ்சு நிற நூடுல்ஸைக் கையாலேயே பிசைவார்கள்: முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பொரித்த வெங்காயம், அது பொரிந்த எண்ணெய். காரம் குறைவாக என்று பிசைவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், பிசைந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்தில் சூடாக ஊற்றிக் கொடுக்கும் வாழைத்தண்டு சூப்பைப் பெரியம்மாவுக்கு வாங்கிக்கொடுங்கள். இதற்கு வழிகாட்டி தேவையில்லை, மண்ணடி மெட்ரோவில் இறங்கி விசாரித்தால் யாரும் சொல்வார்கள்.

எந்தச் சனிக்கிழமை என்று முடிவானதும் எழுதுங்கள். பேசி வைத்திருக்கும் வழிகாட்டி அனுப்பும் வழித்தடத்தையும் சேர்த்து அனுப்பினால், எந்த இடத்தில் நேரம் போதாது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
தம்பி