மாத்திரை அட்டை

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியில் உன் அம்மா வாங்கிவிடுவாள், அதனால்தான் கடிதம்.

பீரோவை ஒழிக்கும்போது உன் பழைய மாத்திரை அட்டை கிடைத்தது. பத்தில் மூன்று மட்டும் பிய்த்திருக்கிறது. 2016-இல் உன்னை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேனே, ‘ஆறு மாசத்துல சரியாயிடும்’ என்றாரே, அவர் கொடுத்தது. மூன்று நாள் விழுங்கிவிட்டு, வகுப்பில் தூங்கி விழுவதாகச் சொன்னாய். அதற்கும் திட்டினேன். உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990-இல். நீ பிறக்கவே இல்லை அப்போது. இல்லாத நோய்க்கு டோக்கன் வாங்கி, உன்னை உட்கார வைத்திருக்கிறேன்.

தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆவது சட்டப் பிரிவு இருந்த காலம், 2018-இல்தானே உச்ச நீதிமன்றம் உங்களை அதிலிருந்து விடுவித்தது, அந்தப் பயம்தான் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் போலீஸைவிட உன் பெரியப்பாவுக்குத்தான் பயந்தேன்.

நம் மதுரைப் பெண்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் விரும்பிச் சென்னைக்குப் போய்விட, பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்த வழக்கு உனக்குத் தெரிந்திருக்கும். 2021-இல் அதை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதில் தெளிவில்லை என்று சொல்லி, ஓர் உளவியலாளரிடம் பாடம் கேட்டுவிட்டு உத்தரவு எழுதினார். ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று வைத்தியம் பார்ப்பதற்கும் அதில்தான் தடை. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லையே, உன்னிடம்கூட.

எங்கள் காலத்தில் எல்லாருக்கும் ‘ஒரு மாதிரி’ என்ற ஒரே சொல்தான். திருநம்பி யார், திருநங்கை யார், நீ யார் என்று பிரித்துப் பார்க்கவே தெரியாது. 2022-இல் அரசிதழிலேயே சொற்பட்டியல் வந்துவிட்டது. உங்கள் எல்லாரையும் சேர்த்துச் சொல்லும் பால்புதுமையர் என்ற சொல் இன்னும் என் வாயில் ஒட்டவில்லை, பழகிவிடும்.

ஒரே பாலினத்தவர் கல்யாணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர 2023-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. போன வாரம் அத்தை, ‘கயலோட இருக்கற பொண்ணு யாரு?’ என்றாள். வழக்கம்போல ரூம்மேட் என்று வாய்வரை வந்தது. குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை என 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது அப்போது ஞாபகம் வரவில்லை. உன் முகம்தான் வந்தது. ‘அவ துணை’ என்றேன். அத்தை காபியைக் கீழே வைத்துவிட்டு, ‘சமைக்கத் தெரியுமா?’ என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்!

சித்திரைத் திருவிழாவுக்கு இரண்டு பேரும் வாருங்கள். டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, பிறகு கிடைக்காது. மாடி அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. அப்புறம், அவள் என்னை அங்கிள் என்று கூப்பிடுகிறாள். அது வேண்டாம். மாமா என்று கூப்பிடச் சொல்.

அப்பா