வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க பேஸ்பால் பிட்சர் (பந்து வீசுபவர்) பால் ஸ்கீன்ஸின் 160 கி.மீ. வேகத்தையே எல்லோரும் புகழ்கிறார்கள். அவரை வளர்த்த பக்குவத்தைப் பேசுவோர் குறைவு. 2023 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்வு செய்யும் நிகழ்வு) முதல் ஆளாக எடுத்தும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அவசரப்படவில்லை. முதலில் பிராடன்டன், அல்டூனா என்ற கீழ்நிலை அணிகள், பிறகு 2024இல் மேஜர் லீகுக்கு அடுத்த படியான டிரிபிள் ஏ அணி இண்டியானாபொலிஸ். அங்கே 7 ஆட்டங்களில் 27 இன்னிங்ஸ் (ஆட்டச் சுற்று; ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது) சொச்சம்தான் வீசினார். ஸ்ட்ரைக் அவுட்டோ (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது) 45! ஆரம்பத்தில் மூன்று இன்னிங்ஸ் முடிந்ததுமே பந்தை வாங்கிவிட்டார்கள்.

அதுதான் சரி. முன்கைத் தசை களைத்தால் கூடுதல் சுமை முழங்கையின் உள்பக்கத் தசைநாரில் விழும். அது கிழிந்து அறுவை சிகிச்சை என்றால் பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் ஆட்டமில்லை.

மே 11இல் உச்சநிலைப் போட்டியான மேஜர் லீகில் இறங்கிய ஸ்கீன்ஸ், அந்த ஆண்டே அதன் இரு பிரிவுகளில் ஒன்றான தேசிய லீகின் சிறந்த புதுமுகம் ஆனார். வளரும் பிட்சர்களின் பயிற்சியாளர்கள் பந்துகளை எண்ணிக் கொடுக்கட்டும்.

– பேஸ்பால் ரசிகர் ஒருவர்