ஒரு முயலின் பெருந்தமனியும் நம் கரித்தாளும்

பாளையங்கோட்டை,
12 நவம்பர்

அன்புள்ள சிவசு,

உன் கடிதம் தீபாவளிக்கு மறுநாள் கைக்கு வந்தது. மூட்டு வலி தணிந்து நீ மாடிப்படி ஏறி இறங்குகிறாய் என்று படித்தபோது எனக்கே கால் லேசானது போல இருந்தது. தை மாதம் பேத்தியின் காதணி விழாவுக்குக் கட்டாயம் வருகிறேன். மீனாட்சியும் வருகிறாள், இப்போதே புடவைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இங்கே ஒரு செய்தி. போன மாதமே எழுதியிருக்க வேண்டும்; நீ பதறிப் புறப்பட்டு வந்துவிடுவாய் என்று தள்ளிப்போட்டேன். ஒரு நாள் காய்கறி வாங்கிக்கொண்டு மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது நெஞ்சின் நடுவே யாரோ கயிற்றைக் கட்டி இறுக்குவது போல இருந்தது. இடது தாடை வரைக்கும் வலி. ஒரு ஜவுளிக்கடைப் படியில் உட்கார்ந்து, சட்டைப்பையில் இருந்த சார்பிட்ரேட் மாத்திரையை நாக்கின் அடியில் வைத்தேன். மிளகைவிடச் சற்றே பெரிய மாத்திரை, சிவசு. நாக்கடியில் சுருக்கென்று ஒரு குறுகுறுப்பு. அது கரையக் கரைய, கட்டியிருந்த கயிறு முடிச்சு முடிச்சாகத் தளர்ந்தது. நான்கைந்து நிமிடத்தில் எழுந்துவிட்டேன். பரிசோதனை எல்லாம் ஆகிவிட்டது. மருந்தும் நடையும் போதும் என்கிறார் மருத்துவர். நீ கவலைப்படாதே.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பயத்தால் அல்ல. இவ்வளவு சின்ன வஸ்து போய் இரத்தக்குழாயிடம் என்ன சொல்லித் தளர வைத்தது என்ற கேள்விதான். முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன் நான். தமனிக்கு மூன்று அடுக்கு, நடுவில் தசை, உள்ளே ஒரே ஒரு செல் தடிமனில் எண்டோதீலியம் என்ற வழவழப்பான படலம். இரத்தம் உராயாமல் ஓடுவதற்காக அது இருக்கிறது என்று ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். அந்தப் படலத்துக்கு வேறு வேலை எதையும் நான் சொன்னதே இல்லை. அதைத் தேடிப் படிக்கப் போய்த்தான் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற மனிதரைத் தெரிந்துகொண்டேன். மூன்று வாரமாக மனம் அவரையே சுற்றுகிறது.

1916இல் அமெரிக்காவில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தவர். சிறு வயதிலேயே பறவைகளும் கிளிஞ்சல்களும் பார்த்துத் திரிந்த பையன். வேதியியல் படித்து, 1940இல் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கினார். செயின்ட் லூயிஸ் நகரில் இருந்தபோது இரத்தக்குழாயில் இறங்கினார். முயலின் பெருந்தமனியை எடுத்து, திருகு சுருளான பட்டையாக வெட்டி, உப்புக்கரைசல் நிறைந்த கண்ணாடிக் கலத்தில் தொங்கவிடுவார். மருந்தைச் சொட்டினால் அது சுருங்குகிறதா, தளர்கிறதா என்று கருவி வரைந்து காட்டும். வெளிச்சம் பட்டாலே அந்தத் துண்டு தளர்கிறது என்பதையும் அங்கேதான் கண்டார். 1956இல் நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போய் மருந்தியல் துறையின் தலைவரானார்.

அவரைத் துரத்திய புதிர் இதுதான். நரம்பு முனைகளில் சுரக்கும் அசெட்டைல்கோலின் என்ற பொருளை உயிருள்ள விலங்குக்குச் செலுத்தினால் இரத்தக்குழாய் விரிந்து இரத்த அழுத்தம் இறங்குகிறது. அதே மருந்தை அவருடைய சுருள் துண்டின் மேல் விட்டால் அது சுருங்குகிறது! 1953இலேயே இதை எழுதி வெளியிட்டுவிட்டார். உடலில் ஒரு விதம், கலத்தில் நேர்மாறு. ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை, மற்றவர்களுக்கும் தெரியவில்லை. இருபத்தைந்து வருடம் அப்படியே கிடந்தது.

1978 மே மாதம். நீயும் நானும் எம்.எஸ்ஸி. தேர்வு எழுதி முடித்து ரயிலேறிய அதே மாதம். அவருடைய ஆய்வக உதவியாளர் டேவிட் டேவிட்சன் ஒரு சோதனை செய்கிறார். இந்த முறை சுருள் அல்ல. தமனியை வளையமாக நறுக்கி மாட்டியிருந்தார்கள். முதலில் நோர்எபினெஃப்ரின் விட்டுச் சுருங்க வைக்க வேண்டும், பிறகு அதைக் கழுவி வெளியேற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் அசெட்டைல்கோலின் போலவே வேலை செய்யும் கார்பகாலை விட வேண்டும். உதவியாளர் கழுவ மறந்துவிட்டார். சுருங்கியிருந்த வளையத்தின் மேலேயே கார்பகால் விழுந்தது. அது மேலும் சுருங்காமல் தளர்ந்தது.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன், சிவசு. நம் உடலியல் செய்முறை வகுப்பு நினைவுக்கு வந்துவிட்டது. மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் தாளைக் கறுப்பாக்கி, உருளையில் சுற்றி, தவளை இதயத்தை நூலில் கட்டி, நெம்புகோல் முனை கரியைக் கீறி வெள்ளை வெள்ளையாக அலை வரைவதைப் பார்த்துக்கொண்டிருப்போமே. ஒரு நாள் அசெட்டைல்கோலின் விட்டதும் துடிப்பு அடங்கி நின்றது. அதுவரை சரி. பிறகு, புத்தகத்தில் இல்லாத மாதிரி, முன்பைவிட உயரமாக எழுந்தது. நீ கையைத் தட்டி “இதைப் பார், இதைப் பார்” என்றாய். வகுப்பை நடத்தியவர் வந்து பார்த்தார். “தப்பு. தாளை மாற்று” என்றார். நாமும் உரித்துப் போட்டுவிட்டு, சீனியர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து ‘சரியான’ அலையை வரைந்து கையெழுத்து வாங்கினோம். நம் அலையில் பெரிய உண்மை எதுவும் இருந்திருக்காது. ஏதோ ஒரு நூல் தளர்ந்திருக்கலாம். ஆனால் அது எந்த நூல் என்று நாம் பார்க்கவில்லையே. அந்தப் பழக்கத்தைத்தான் நான் அப்படியே என் வகுப்பறைக்கும் கொண்டுபோனேன். விடை மாறி வந்த பிள்ளையிடம் “திரும்பச் செய்” என்றேனே தவிர, “ஏன் இப்படி வந்தது?” என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது அது உறுத்துகிறது.

ஃபர்ச்காட் தாளை மாற்றச் சொல்லவில்லை. அப்போது அவருக்கு வயது 61 முடிந்து 62 நடக்கிறது, பெயரெடுத்த பேராசிரியர். வளையம் தளர்கிறது, சுருள் தளரவில்லை, இரண்டும் ஒரே தமனிதான் என்றால் வித்தியாசம் எங்கே என்று ஒவ்வொன்றாகத் தேடினார். வளையத்தை வெட்டிப் பட்டையாக விரித்துப் பார்த்தார், அப்போதும் தளர்ந்தது. பட்டையின் உள்பக்கத்தை மெல்லத் தேய்த்துவிட்டுப் பார்த்தார், தளர்ச்சி போய்விட்டது. வெள்ளி நைட்ரேட்டால் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், தேய்த்த பட்டையில் எண்டோதீலியச் செல்கள் இல்லை. சுருளாக வெட்டும்போது உள்பக்கம் எதன் மேலாவது உரசி, அந்த ஒற்றைச் செல் படலம் உரிந்து போயிருக்கிறது. யோசித்துப் பார், கால் நூற்றாண்டாகத் தேடிய விடையை ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் அவர் கையே துடைத்துப் போட்டிருக்கிறது! இதைத் தானே கண்டுபிடித்துத் தானே வெளியே சொல்வதற்கு எப்படிப்பட்ட நெஞ்சு வேண்டும்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு ஆகப் பிடித்தது. படலம் உரித்த பட்டை ஒன்றை எடுத்தார்; தனியாக விட்டால் அது தளராது. படலம் உள்ள இன்னொரு பட்டையை அதன் முகத்தோடு முகம் ஒட்டிவைத்து அசெட்டைல்கோலின் விட்டார். தளராத பட்டை தளர்ந்தது. அப்படியானால் படலத்திலிருந்து ஏதோ ஒன்று கசிந்து தசைக்குப் போகிறது. ஜான் ஜவாட்ஸ்கியோடு சேர்ந்து 1980இல் ‘நேச்சர்’ இதழில் இதை வெளியிட்டார். நம் இரண்டு பேரிடமும் ரொட்டித் துண்டுகளைக் கொடுத்தால் இதைச் செய்துகாட்டிவிடலாம், அவ்வளவு எளிமையான சோதனை.

அந்த ‘ஏதோ ஒன்று’ சில நொடிகளிலேயே அழிந்துவிடுவதால் பிடிபடவில்லை. 1986இல் மினசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டரில் நடந்த கூட்டத்தில், அது நைட்ரிக் ஆக்சைடாக இருக்க வேண்டும் என்று ஃபர்ச்காட் சொன்னார். லூயிஸ் இக்னாரோ தனி வழியில் அதே முடிவுக்கு வந்திருந்தார். மறு வருடம் இங்கிலாந்தில் சால்வடோர் மொன்காடாவின் குழு அதை அளந்தே காட்டியது. வாகனப் புகையில் வருகிற ஒரு வாயு, நம் தமனிக்குள் செய்தி கொண்டுபோகிறது என்றால் முதலில் யார் நம்புவார்கள்? என் சார்பிட்ரேட்டும், அதே வகை நெஞ்சுவலி மருந்தான நைட்ரோகிளிசரினும் உடலுக்குள் போய்ச் செய்வது இதையேதான். நைட்ரோகிளிசரின் இந்த வாயுவை வெளியிடுகிறது என்று ஃபெரிட் முராட் 1977இலேயே கண்டிருந்தார். என் நெஞ்சுக்கயிற்றை அன்று தளர்த்தியது இதுதான்.

1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு. மொன்காடா விடுபட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. மூவருக்கு மேல் பகிரக் கூடாது என்ற விதியைச் சொல்வார்கள், இருந்தாலும். நைட்ரோகிளிசரினில் டைனமைட் செய்து பணம் சேர்த்த ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் நெஞ்சு வலிக்கு அதைத்தான் எழுதிக்கொடுத்தார்களாம். ஃபர்ச்காட்டுக்கு அப்போது 82 வயது. 2009இல் மறைந்தார். அவரோடு 1991இல் ஒரு கட்டுரை எழுதியவரின் பெயர் ஜோதியானந்தன் என்று பார்த்தேன். எந்த ஊர்க்காரரோ! அந்தப் பெயரில் சற்று நேரம் கண் நின்றது.

உன்னிடம் ஒரு வேண்டுகோள். நம் செய்முறைத் தாள்கள் உன் வீட்டுப் பரணில் தகரப் பெட்டியில் இருப்பதாக எப்போதோ சொன்னாய். உரித்துப் போட்ட அந்தக் கரித்தாளை நீ மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாய் என்று எனக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. விடுதிக்கு வந்தபோது உன் பனியனில் கரி அப்பியிருந்தது. பெட்டியை நீ இறக்காதே, மூட்டு வலி திரும்பிவிடும். தையில் வந்து நானே இறக்குகிறேன்.

அன்புடன்,
வேலாயுதம்